பிள்ளையாருக்கு ஒரு வெள்ளிக்கால்

மார்ச் 17, ஞாயிறு

சாருஜன் இன்று லிஃப்டில் ஏறி வந்தான். நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி. குடிவந்த நாள் தொடக்கம் அவன் லிஃப்டைத் தொட்டதில்லை. படிகளை இரண்டிரண்டாகத் தாவித்தான் வருவான். கீழ்வீட்டுக் கிழவி முறைப்பாடு சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய்விட்டாள். லிஃப்ட் கதவு திறந்த சத்தத்துக்கே நான் அடுப்பை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

"என்னடா?" என்றேன். "ஒண்டுமில்லையம்மா." சோறு போட்டுக்கொண்டே மறுபடி கேட்டேன். ஒன்றுமில்லையாம். சோற்றுக் கரண்டியை நீட்டிக்கொண்டு கேட்ட பிறகுதான் காற்சட்டையை உயர்த்திக் காட்டினான். இடது முழங்கால் இரண்டு முழங்கால் அளவுக்கு வீங்கியிருந்தது.

நேற்றைய ஆட்டத்தில் உள்ளே சவ்வு பாதி கிழிந்துவிட்டதாம். கழகத்து டொக்டர் கப்ரேஸ் பார்த்துவிட்டார். பருவம் முடிந்த அடுத்த கிழமை ஆபரேசன்; அதுவரை ஊசியும் கட்டும். "மிச்சமும் அறுந்தால்?" என்று இவர் கேட்டார். "அறுந்தால் பிறகு கோலுக்குள்ளை நிக்கேலாது அப்பா." அதைச் சொல்லிவிட்டு அப்பளம் கேட்டான்.

நிற்கத்தான் வேண்டுமா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. இந்தச் சுவிஸ் நகரத்து ஐஸ் ஹொக்கிக் கழகத்தில் நாலு வருசம் மாற்று ஆளாய் வாங்கில் குந்தியிருந்து மற்றவன் கோல் காப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என் பிள்ளை. மார்கழியில் பெரிய கோல்கீப்பருக்குக் கை முறிந்த பிறகுதான் இவனுக்கு இடம் கிடைத்தது. இப்போது அரையிறுதி. ஏரிக்கரை நகரத்துக் கழகத்தோடு. முதலில் நாலு ஆட்டம் வெல்பவன் இறுதிக்குப் போவான்.

ஐஸ் ஹொக்கியில் ஒரு வழக்கம் இருக்கிறது. எவனுக்கு எங்கே காயம் என்று எந்தக் கழகமும் வாய் திறக்காது. பேப்பரில் "உடம்பின் கீழ்ப்பகுதி" என்று மட்டும் வரும். இடம் தெரிந்தால் எதிராளி அந்த இடத்தையே குறிவைப்பான். "ஒரு மனுசருக்கும் சொல்லக்கூடாது, ரெண்டு பேரும் சத்தியம் பண்ணுங்கோ" என்றான். நான் அவன் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன். இவரும் பண்ணினார். என் சத்தியம் பற்றி எனக்குப் பயமில்லை. இவருடையது ஓட்டை வாய்.

மார்ச் 19, செவ்வாய்

முதல் ஆட்டம். ஏரிக்கரையில். வென்றுவிட்டார்கள். நான் தொலைக்காட்சிப் பக்கம் போகாமல் உள்ளிப்பூண்டு உரித்தேன். அடுத்த மாதச் சமையலுக்கும் காணும்.

மார்ச் 21, வியாழன்

இரண்டாம் ஆட்டமும் எங்களுக்கு. முதியோர் இல்லத்தில் என் வேலை காலை ஏழு மணிக்கு. தூக்கமில்லாத கண்ணோடு போனேன். வாய் திருத்தமாய்ப் பேச வராத கிழவர் ஒருவர் கூட "சாரு, சாரு" என்று மேசையில் தட்டினார். பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று ஏன் எழுத வேண்டும்?

விளையாட்டுக்காரர்கள் அரையிறுதி முடியும்வரை தாடி வழிக்கமாட்டார்களாம். அதுவும் ஒரு வழக்கம். இவரும் வழிக்கவில்லை. இவரை ஒருவரும் கேட்கவில்லை. நரைத்த தாடியோடு பஸ் ஓட்டப் போகிறார், ஆட்கள் ஏறப் பயப்படுவார்கள்.

பிள்ளை குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு கனநேரம் தண்ணியைத் திறந்துவிட்டிருந்தான். தண்ணிச் சத்தத்துக்குள்ளும் எனக்கு அவனுடைய முனகல் கேட்டது.

மார்ச் 22, வெள்ளி

கோயிலுக்குப் போனேன். டயர் கடைக்குப் பின்னால் இருக்கிற பழைய பண்டகசாலைதான் எங்கள் பிள்ளையார் கோயில். வெளியில் மலையெல்லாம் பனி. உள்ளே கற்பூரப் புகை. ஒரு வெள்ளிக்கால் வாங்கித் தட்டில் வைத்தேன்.

"ஆருக்கம்மா?" என்றார் ஐயர்.

"மகனுக்கு ஐயா. சாருஜன், உத்தர நட்சத்திரம். இடது முழங்கால் சுகப்பட வேணும்."

ஐயரின் குரல் மைக் இல்லாமலே டயர் கடைக்குக் கேட்கும். பெயர், நட்சத்திரம், இடது முழங்கால் எல்லாம் கணீரென்று சொல்லி அருச்சனை செய்தார். மனம் லேசானது. செயலாளர் தவராசா அண்ணை தட்டோடு என்னை நிற்கவைத்துப் படம் எடுத்தார். கோயிலின் முகநூல் பக்கத்தில் பின்னேரமே போட்டுவிட்டார்: "நமது நகரின் ஹொக்கி வீரன் சாருஜனின் இடது முழங்கால் நலம் பெற, தாயார் வெள்ளிக்கால் காணிக்கை." நான் கட்டியிருந்த மாம்பழ நிறச் சேலை படத்தில் நல்ல எடுப்பாக இருந்தது.

சத்தியம் சத்தியம்தான். நான் ஒரு மனுசருக்கும் சொல்லவில்லை. பிள்ளையாருக்குச் சொல்வது எந்தக் கணக்கிலும் சேராது.

மார்ச் 23, சனி

காலையில் தம்பி நகுலன் போன் எடுத்தான். அவன் ஏரிக்கரையில் இருக்கிறான். அந்தக் கழகத்து அரங்கின் உணவகத்தில்தான் வேலை. எதிரிக்குச் சமைத்துப் போடுகிறவன் என்று நாங்கள் எப்போதும் பகிடி பண்ணுவோம்.

"அக்கா, கோயில் படம் பாத்தன். வெள்ளிக்கால் நல்ல வடிவு. குசினியிலையும் எல்லாருக்கும் காட்டினனான். என்ரை மருமேனுக்காக அக்கா சாமியிட்டைக் குடுத்தது எண்டு. நேத்து இரவு சாப்பிட வந்த கழகத்துப் பெடியளும் எட்டிப் பாத்தவங்கள்."

அவனுக்கு மருமகன் என்றால் உயிர். குடும்பப் பெருமை பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டான். குளிராயிருக்கிறது, மப்ளர் கட்டு என்று சொல்லி வைத்தேன்.

இரவு மூன்றாம் ஆட்டம். தோல்வி. அவர்கள் அடித்த அடியெல்லாம் கீழே, இடது காலுக்கு. ரப்பர் வட்டு வருகிறது, இவன் இடது பக்கம் விழுகிறான், எழும்புவதற்குள் இன்னொருத்தன் அதே இடத்தில் அடிக்கிறான். வர்ணனைக்காரன் கூட ஆச்சரியப்பட்டான்: "இன்று இவர்கள் ஒரே மூலையை விடுவதாயில்லை."

மார்ச் 24, ஞாயிறு

"அவங்களுக்குத் தெரிஞ்சிட்டுது," என்றான் சாரு. பிட்டைப் பிசைந்துகொண்டிருந்தான், வாயில் வைக்கவில்லை. "கோச் எங்களை ஒவ்வொருத்தராய்க் கூப்பிட்டுக் கேக்கிறார். வீட்டிலை ஆரும் கதைச்சனீங்களோ?"

"நான் ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை" என்றேன். அது உண்மை. நான் சொல்லிக்கொண்டே இவரைப் பார்த்தேன். இவர் தாடியைச் சொறிந்தார்.

மார்ச் 25, திங்கள்

பங்குனி உத்தரம். பிள்ளையின் நட்சத்திரம். கோயிலில் நல்ல சனம். நான் போகவில்லை, மனம் சரியில்லை.

நாலாம் ஆட்டமும் தோல்வி. எங்கள் சொந்த அரங்கில். இரண்டுக்கு இரண்டு. வீட்டுக்கு வந்ததும் இவரைப் பிடித்தேன்.

"உண்மையைச் சொல்லுங்கோ. தமிழ்க் கடையடியிலை நிண்டு ஆரோடை கதைச்சனீங்கள்?"

"விமலா, நான் சத்தியம் பண்ணினனான்."

"உங்கடை சத்தியம் எனக்குத் தெரியாதே! என்ரை தங்கச்சி கர்ப்பம் எண்டதை அவளின்ரை புருசனுக்கு முதல் ஊருக்குச் சொன்ன ஆள் நீங்கள்."

மனுசன் சட்டி கழுவி வைத்துவிட்டுத் தலையணையை எடுத்துக்கொண்டு சோபாவுக்குப் போனார். வாய்காட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மார்ச் 27, புதன்

ஐந்தாம் ஆட்டம். தோல்வி. மூன்றாவது கோல் போனபோது சாரு விழுந்த இடத்திலிருந்து உடனே எழும்பவில்லை. கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பினான். முகமூடி போட்டிருந்ததால் சனத்துக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது.

இன்னும் ஒன்று தோற்றால் எல்லாம் முடிந்தது.

மார்ச் 28, வியாழன்

முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது நகுலன் எடுத்தான். "அக்கா, எங்கடை குசினியிலை எனக்குச் செல்லம்! வெள்ளிக்காலின்ரை மாமா எண்டுதான் கூப்பிடுறாங்கள். கோச்சும் வந்து கை தந்தவர். அந்தப் படத்தைத் தன்ரை போனுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டவர், அனுப்பினனான்." சிரித்துக்கொண்டே சொன்னான். ஒரு கள்ளமும் இல்லாத சிரிப்பு. எந்தக் கோச் என்று நான் கேட்கவில்லை. அங்கே ஒரு கோச்தான்.

விரிப்பைப் போட்ட கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அது தவறென்று தெரியும்.

இதனால்தான் எல்லாம் நடந்தது என்று நான் சொல்லவில்லை. அவர்கள் வீடியோ பார்த்தும் கண்டுபிடித்திருக்கலாம். என்றாலும் தவராசா அண்ணைக்குப் போன் போட்டு, படத்தை எடுத்துவிடச் சொன்னேன். "ஏன் தங்கச்சி, கோயில் பக்கத்திலை இதுவரைக்கும் இவ்வளவு பேர் பாத்த படம் வேறை இல்லை" என்றார். ஏன் என்று சொல்ல முடியாமல் போனை வைத்தேன்.

இன்று ஒடியல் கூழ் காய்ச்சினேன். நண்டு, இறால், பயற்றங்காய் எல்லாம் போட்டு. இவருக்கு மிகவும் விருப்பம். விசேஷமாய்க் காரணம் ஒன்றுமில்லை. இரண்டு கோப்பை குடித்துவிட்டு, "கூழ் நல்லாயிருக்கு" என்று மட்டும் சொல்லிச் சோபாவுக்கே போனார்.

மார்ச் 30, சனி

ஆறாம் ஆட்டம். வென்றோம்! மூன்றுக்கு மூன்று. தொண்டை கட்டிவிட்டது.

இரண்டாம் பகுதியில் ஒரு தடியன் சாருவின் மேல் வந்து விழுந்தான். சாரு வலது தோள் அடிபட விழுந்து தோளைப் பிடித்துக்கொண்டான். நான் "ஐயோ" என்று கத்தினது மலைக்குக் கேட்டிருக்கும். தொலைக்காட்சியிலும் திரும்பத் திரும்ப அதையே காட்டினார்களாம். வீட்டுக்கு வந்து, "தோள் எப்பிடியடா?" என்றேன். "தோளோ? அதுக்கு ஒண்டுமில்லையம்மா" என்று கையைச் சுழற்றிக் காட்டினான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "கால்தான். டொக்டரைக் கையாலை தொட விடேலாமல் இருக்கு."

திங்கட்கிழமை கடைசி ஆட்டம். ஏரிக்கரையில். மறுபடியும் அதே மூலையில், அதே காலில் அடிப்பார்கள்.

தோளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஏரிக்கரைக்காரருக்கு அது தெரியாது.

மார்ச் 31, ஞாயிறு

எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

காலையில் தலை தோய்ந்து, அந்த மாம்பழச் சேலையையே கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பொங்கலுக்கும் அருச்சனைக்கும் கொடுத்தேன். "மகன்ரை இடது முழங்கால் பூரணமாய்ச் சுகமாப் போச்சு ஐயா. நன்றி சொல்ல வந்தனான். இப்ப வலது தோள்தான். நேத்து விழுந்ததிலை கையைத் தூக்கேலாமல் கிடக்கிறான். அதுக்கும் ஒருக்கா சொல்லிச் செய்யுங்கோ."

ஐயர் என் முகத்தைப் பார்த்தார். அவரும் அந்த ஆட்டம் பார்த்திருப்பார் போல. "எது நோகுது எண்டு பிள்ளையாருக்குத் தெரியும்தானேயம்மா," என்றார். பிறகு அதே கணீர்க் குரலில் வலது தோள் என்றே சொல்லிச் செய்தார்.

தராத வரத்துக்கு நன்றி சொன்னேன். இல்லாத நோவுக்கு மருந்து கேட்டேன். தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். சின்ன வயதில் கோயிலில் பொய் சொன்னால் நாக்கில் புண் வரும் என்று எங்கள் அம்மா பயமுறுத்துவார். வரட்டும். என் நாக்குத்தானே.

தவராசா அண்ணையை நானே கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொன்னேன். கால் சுகமானது, தோள் நோகிறது, இரண்டையும் விவரமாய்ப் போடச் சொன்னேன். வீட்டுக்கு வந்து நகுலனுக்குப் போன் எடுத்தேன். "தம்பி, புதுப் படம் பாத்தனியோ?" "இன்னும் இல்லையக்கா." "பார். நல்லா எடுத்திருக்கு." அவ்வளவுதான் சொன்னேன். காட்டு என்று சொல்லவில்லை.

அவன் காட்டாமல் இருக்கமாட்டான்.

ஏப்ரல் 1, திங்கள்

ரயிலில் ஏரிக்கரைக்குப் போனோம், இவரும் நானும். நகுலன் டிக்கெட் எடுத்து வைத்திருந்தான். அவர்களுடைய நீல மப்ளரைக் கட்டிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் இருந்தான். முகத்தில் சிரிப்பு. எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆட்டம் தொடங்கியது. முதல் அடி மேலே. வலது தோளுக்கு. சாரு நின்ற நிலையிலேயே தட்டிவிட்டான். அடுத்ததும் மேலே. அதற்கடுத்ததும். வலது தோள், வலது தோள், வலது தோள்! ஒருவரும் கீழே அடிக்கவில்லை. ஒருவரும் அவனை இடது பக்கம் விழுத்தவில்லை. மேலே வருகிற வட்டுக்கு இவன் விழவே தேவையில்லை; மரம் மாதிரி நின்று தட்டித் தட்டி விட்டான். அவர்கள் தங்கள் திட்டத்தை மாற்றிக்கொள்வதற்குள் நாங்கள் இரண்டு கோல் போட்டுவிட்டோம். கடைசி நிமிடத்தில் அவர்கள் ஒன்று போட்டார்கள். சங்கு ஊதியது. முடிந்தது.

நான் கதிரையில் ஏறி நின்று கத்தினேன். ஐம்பத்திரண்டு வயது, சேலைக்கு மேலே குளிர்ச்சட்டை, பக்கத்தில் நீல மப்ளர்க்காரர் ஆயிரம் பேர். இவர் என்னைக் கட்டிப்பிடித்தார், அந்தக் கண்றாவித் தாடியோடு. வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவன் அல்ல, நான்.

பிறகு விளையாட்டுக்காரர் வெளிவரும் கதவடியில் காத்து நின்றோம். முதலில் வந்தவர் டொக்டர் கப்ரேஸ். எனக்குக் கை கொடுத்தார். எனக்கு விளங்க வேண்டுமென்று ஜெர்மனை மெதுவாகப் பேசினார். "இன்று தோற்றிருந்தால் அடுத்த திங்கள் ஆபரேசன் செய்திருப்பேன். வியாழக்கிழமை இறுதி தொடங்குகிறது. இன்னும் இரண்டு கிழமை போகலாம். அந்தச் சவ்வு அவ்வளவு தாங்குமா என்று என்னால் சொல்ல முடியாது. அவனிடமும் சொல்லிவிட்டேன், விளையாடுவேன் என்கிறான்."

இறுதியிலும் ஏழு ஆட்டம் வரை போகலாம். கதிரையில் ஏறி நின்றவளுக்கு அது நினைவில் இல்லை. காலைக் காப்பாற்றப் பொய் சொன்னேன். அந்தப் பொய் காலை இன்னும் இரண்டு கிழமைக்கு ஐஸில் ஏற்றிவிட்டது.

சாரு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. குனிந்து என் காதில் சொன்னான்: "கோயில் பக்கத்தை நானும் பாக்கிறனான் அம்மா. ரெண்டு படமும் பாத்தன். இறுதிக்கு எந்த இடம் நோகுது எண்டு சொல்லப் போறீங்கள்?"

முதல் படமும் தெரியும் அவனுக்கு. எத்தனை நாளாய்த் தெரியுமோ? ஒரு சொல் கேட்கவில்லை. அவன் சிரித்தான். என்னால் முடியவில்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

நகுலன் எடுத்தான். குரல் செத்துப்போயிருந்தது. "அக்கா, அண்டைக்கு முதுகிலை தட்டினவங்கள் இண்டைக்கு ஒருத்தரும் முகம் குடுத்துக் கதைக்கிறாங்கள் இல்லை. நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கலாமே." மன்னிச்சுக்கொள் தம்பி என்றேன். "பரவாயில்லை, மருமேன் வெண்டிட்டான்" என்றான். அதைக் கேட்க இன்னும் மோசமாக இருந்தது.

இவரிடமும் சொன்னேன். படம், நகுலன், தோள், எல்லாம். எதிரில் உட்காரவைத்துச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "அப்ப நான் ஓட்டை வாய் இல்லை" என்றார். "இந்த முறை இல்லை" என்றேன். தலையணையை எடுத்துக்கொண்டு அறைக்குத் திரும்பி வந்தார்.

ஏப்ரல் 3, புதன்

இன்று பின்னேரம் கோயிலில் வெற்றிக்காக விசேஷ அபிஷேகம். தவராசா அண்ணை ஊரெல்லாம் அறிவித்துவிட்டார். கண்டறியாத சனம். சூரிச், பேர்ன் பக்கமிருந்தும் வந்திருந்தார்கள். கழகத்துச் சட்டை போட்ட சுவிஸ்காரர் சிலர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றார்கள். இவர் முன்வரிசையில். சாருவைச் சுவாமிக்கு நேரே நிறுத்தி மாலை போட்டார்கள். இரண்டு காலிலும் சமமாய் நிற்பது மாதிரி நின்றான். நன்றாகப் பழகியிருக்கிறான்.

பால் ஊற்றினார்கள், தேன் ஊற்றினார்கள், இளநீர் ஊற்றினார்கள். ஐயர் வெற்றி, வெற்றி என்று மந்திரத்தோடு சேர்த்துச் சொன்னார். எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். பிள்ளையாரே, போன தரம் உனக்குப் பொய் சொன்னேன், இந்த முறை உள்ளதைச் சொல்கிறேன் என்றேன். என் பிள்ளை தோற்க வேண்டும். நாலு ஆட்டமும் தொடர்ந்து தோற்க வேண்டும். கெதியாய்த் தோற்க வேண்டும். இத்தனை சனம் கேட்பதைக் கேளாமல் நான் ஒருத்தி கேட்பதைக் கேள்.

தீபம் முடிந்து சனம் பிரசாதத்துக்கு முண்டியடித்தது. சாரு என் பக்கத்தில் வந்து நின்றான். நெற்றியில் விபூதி, மூக்கு நுனியிலும் விபூதி.

"என்ன கேட்டனீங்கள் அம்மா?"

இவனிடம் இனிப் பொய் சொல்வதில்லை என்று நேற்றே முடிவெடுத்திருந்தேன். "நீ தோக்க வேணும் எண்டு கேட்டனான்."

கோபித்துக்கொள்வான் என்று நின்றேன். திட்டட்டும் என்றும் நின்றேன். அவன் முன்வரிசையில் நின்ற தகப்பனை ஒருதரம் பார்த்தான், செருப்பில்லாமல் நின்ற அந்தச் சுவிஸ்காரரைப் பார்த்தான். பிறகு என் கையைப் பிடித்தான்.

"மெதுவாச் சொல்லுங்கோ அம்மா," என்றான். "ஆருக்கும் கேக்கப் போகுது."

பிடித்த கையில் அவனுடைய முழுப் பாரமும் இருந்தது.